ச்சாவ்

போன வருடம் அப்பா வியன்னாவுக்கு வந்து என்னோடு மூன்று மாதம் தங்கியிருந்தார். வந்த இரண்டாவது வாரத்தில், என்னோடு வேலை பார்க்கும் ஸ்லோவேனியாக்காரத் தோழியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அப்பா தன் கையாலேயே தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைத்தார். நாகர்கோவில் பக்கத்துக் காரம். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள், நிமிர்ந்தாள், அப்பாவைப் பார்த்துக் கையசைத்து "ச்சாவ்!" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அப்பாவின் முகம் சரியில்லை.

"என்ன மக்கா, நல்ல பிள்ளைன்னுல்லா நெனச்சேன். வீட்டை விட்டு எறங்கும்போது சாவுன்னு சொல்லிட்டுப் போறாளே?"

'போறேன்' என்று வாய் தவறிச் சொன்னாலே 'போயிட்டு வாறேன்னு சொல்லு' என்று திருத்துகிற வீடு எங்களுடையது. அவர் பயந்ததில் வியப்பில்லை. அது இத்தாலியிலிருந்து வந்த சொல், இங்கே பாதி ஐரோப்பா இப்படிச் சொல்லித்தான் விடைபெறுகிறது, நம் சாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று விளக்கினேன். சரி என்றார். ஆனால் முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் அதோடு விடுவாரா?

"அப்பம் அதுக்கு அர்த்தம் என்ன?"

"'உங்கள் அடிமை'ன்னு அர்த்தம்ப்பா."

அவர் பதில் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அந்த மௌனம் எதனால் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

வெனிஸ் நகரத்துப் பேச்சுமொழியில் 'ஸ்-ச்சாவோ வொஸ்த்ரோ' என்று ஒரு வணக்கம் இருந்தது. 'நான் உங்கள் அடிமை' என்பது அதன் நேர்ப்பொருள். இத்தாலியில் அடிமையை 'ஸ்கியாவோ' என்பார்கள். வெனிஸ்காரர்களின் நாக்கில் அது 'ஸ்-ச்சாவோ' ஆனது. இரண்டு மனிதர்கள் தெருவில் எதிர்ப்படும்போது முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? 'வொஸ்த்ரோ' முதலில் உதிர்ந்தது. பிறகு முன்னால் இருந்த 'ஸ்' உதிர்ந்தது. மிச்சம் நின்றது 'ச்சாவ்'. 18ஆம் நூற்றாண்டு வெனிஸ் நாடகாசிரியர் கோல்தோனியின் பாத்திரங்கள் 'உங்களுக்கு நான் அடிமை' என்று சொல்லித்தான் நண்பர்களிடம் விடைபெறுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது மிலான் பக்கம் போனது, அப்புறம் இத்தாலி முழுக்கப் பரவியது.

இதுவரைக்கும் இது எல்லாரும் சொல்கிற கதை. இணையத்தில் 'உங்களுக்குத் தெரியுமா' என்ற தலைப்போடு அடிக்கடி வரும். என்னை உறங்கவிடாமல் செய்தது அடுத்த படி. அந்த 'ஸ்கியாவோ' எங்கிருந்து வந்தது?

அதைச் சொல்வதற்கு வெனிஸே நல்ல இடம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு இரவு ரயிலில் போனேன். காலையில் சாந்தா லூசியா நிலையத்துக்கு வெளியே வந்தால், ரோடு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். அப்பா படியிலேயே உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகு பிடித்து சான் சக்கரியா துறையில் இறங்கினோம். அந்தத் துறை இருக்கும் நீளமான கரைக்குப் பெயர் 'ரீவா தேலி ஸ்கியாவோனி'. வெனிஸில் தெருப்பெயர்களைத் தகரத்தில் எழுதி மாட்டுவதில்லை. சுவரிலேயே வெள்ளைச் சதுரம் பூசி, அதன் மேல் கறுப்பு மையில் எழுதுவார்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஓரம் பெயர்ந்த அப்படி ஒரு வெள்ளைச் சதுரத்தின் கீழே அப்பாவை நிறுத்தி, எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன்.

"ஸ்கி-யா-வோ-னி. அடிமைகளோட கரையா?"

"இல்லப்பா. ஸ்லாவியர்களோட கரை."

அட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையில், இன்றைய குரோவேஷியாவில், தல்மாத்தியா இருக்கிறது. அங்கிருந்து வந்த ஸ்லாவிய மாலுமிகளும் வியாபாரிகளும் கப்பலைக் கட்டி நிறுத்திய கரை அது. அவர்கள் அடிமைகள் இல்லை. 1451இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் கூடத்தில் கார்பாச்சோ வரைந்த, புனித ஜார்ஜ் ஈட்டியால் பறவைநாகத்தைக் குத்தும் ஓவியம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. மானமாக வாழ்ந்த மனிதர்கள். ஆனால் ஊர் அவர்களை அழைத்த பெயரும் அடிமைக்கு வைத்த பெயரும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

ஆங்கிலத்தில் ஸ்லேவ், பிரெஞ்சில் எஸ்க்லாவ், ஜெர்மனில் ஸ்க்லாவ, ஸ்பானியத்தில் எஸ்க்லாவோ, போர்ச்சுகீசியத்தில் எஸ்க்ராவோ, இத்தாலியில் ஸ்கியாவோ. மேற்கு ஐரோப்பா முழுக்க அடிமைக்கு ஒரே சொல். அது 'ஸ்லாவியன்' என்ற இனப்பெயர். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே எடுத்து, விலைக்கு வாங்கப்பட்ட மனிதனுக்கு வைத்துவிட்டார்கள்.

ஸ்லாவியர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் 'ஸ்லோவேனே'. 'ஸ்லோவோ' என்றால் அவர்கள் மொழியில் சொல், வார்த்தை. ஆகவே 'ஸ்லோவேனே' என்றால் 'சொல்லுடையவர்கள்', ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிகிறவர்கள் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் விகுதி பெரும்பாலும் ஊர்ப்பெயரோடும் ஆற்றுப்பெயரோடும்தான் ஒட்டும், ஆகவே மறந்துபோன ஏதோ ஓர் ஆற்றின் பெயராக இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கம்தான் மனதுக்கு ஒட்டுகிறது. காரணம், பக்கத்தில் இருந்த ஜெர்மானியர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நெமெத்ஸ்'. 'ஊமை' என்ற சொல்லிலிருந்து வந்தது. நாங்கள் பேசுகிறவர்கள், அவர்கள் ஊமைகள். கிரேக்கர்கள் அயலாரை 'பர்பர்' என்று உளறுகிறவர்கள் என்றதும், வடமொழியில் மிலேச்சன் என்றதும் இதே கணக்குதான். போலந்தில் இன்றும் ஜெர்மனிக்குப் பெயர் 'நியெம்த்ஸி'. அந்தச் சொல் துருக்கியர் வழியாக அரபுக்கும் போய், அரபியில் ஆஸ்திரியா நாட்டுக்கே 'நம்ஸா' என்று பெயராகிவிட்டது. நான் வரி கட்டும் நாடு அரபு வரைபடத்தில் ஊமைகளின் நாடு!

'ஸ்லோவோ'வின் வேருக்குக் 'கேட்டல்' என்று பொருள். சமஸ்கிருதத்தில் 'ஸ்ரு'. நாம் தமிழில் சொல்கிற சுருதியும் சிரவணமும் அங்கிருந்து வந்தவைதான். புகழைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கிளேயோஸ்', சத்தமாக என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'லௌட்' எல்லாம் அந்தக் குடும்பம். காதில் விழுவது, பேசப்படுவது, புகழ்பெறுவது. எவ்வளவு நல்ல குடும்பத்தில் பிறந்த சொல் இது.

6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் எல்லையான தன்யூப் ஆற்றங்கரைக்கு இவர்கள் வந்தார்கள். வியன்னாவில் என் அலுவலக ஜன்னலிலிருந்து தெரியும் அதே தன்யூப்தான், அதன் கீழ்ப்பகுதி. கிரேக்கர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்ல' வராது. நடுவில் ஒரு 'க்' போட்டுக்கொண்டார்கள். வரலாறு எழுதிய புரோகோபியஸ் இவர்களை 'ஸ்க்லாவேனோய்' என்று குறிக்கிறார். லத்தீனில் அது 'ஸ்க்லாவுஸ்' ஆனது. ஸ்பானியர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் 'ஸ்க' என்று தொடங்குவது கஷ்டம். நம் ஊரில் ஸ்கூலை 'இஸ்கூல்' என்கிற மாதிரி முன்னால் ஓர் 'எ' சேர்த்து 'எஸ்க்லாவ்' என்றார்கள். ஆங்கிலத்தில் முதலில் 'ஸ்க்லேவ்' என்றுதான் வந்தது. பிறகு அந்த 'க்' தேய்ந்தது. ஆயிரம் வருடம் சுற்றியும் ஆங்கிலச் சொல்தான் ஸ்லாவியரின் அசல் பெயருக்குக் கிட்டத்தில் வந்து நிற்கிறது.

(கிரேக்கத்தில் போர்க்கொள்ளை எடுப்பதைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து 'ஸ்க்லாவுஸ்' வந்தது, ஸ்லாவியருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சில ஜெர்மன் அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. நானும் அவர்கள் பக்கம்.)

பெயர் எப்படி விலைச்சீட்டு ஆனது? கிறிஸ்தவனைப் பிற மதத்தாருக்கு அடிமையாக விற்கக் கூடாது என்று திருச்சபை திரும்பத் திரும்பத் தடுத்தது. ஐரோப்பாவின் கிழக்கு எல்லையில் இருந்த ஸ்லாவியர்களில் பலர் 9ஆம், 10ஆம் நூற்றாண்டு வரை கிறிஸ்தவர் ஆகவில்லை. போலந்தை ஆண்ட கோமகன் ஞானஸ்நானம் பெற்றது 966இல், கீயெவ் 988இல். ஆகவே அவர்களைப் பிடிப்பது பாவக்கணக்கில் சேரவில்லை. ஜெர்மானியப் படைகள் பிடித்தன. ஸ்லாவியச் சிற்றரசர்களும் பக்கத்து இனத்தாரைப் பிடித்து விற்றார்கள், அதையும் மறைக்கக் கூடாது. வாங்குவதற்குப் பணத்தோடு காத்திருந்தது இஸ்லாமிய ஸ்பெயினும் அதற்கு அப்பால் இருந்த பெரிய நகரங்களும். சுமார் 965இல் பிராகு நகரத்துக்கு வந்த இப்ராகிம் இப்னு யாகூப் என்ற பயணி, அங்கிருந்து வியாபாரிகள் கொண்டுபோகும் சரக்குகளைப் பட்டியல் போடுகிறார்: அடிமைகள், வெள்ளீயம், விலங்குத் தோல். மூன்றும் ஒரே வரியில். பிரான்சின் வெர்துன் நகரத்து வியாபாரிகள் பையன்களைக் காயடித்து ஸ்பெயினுக்கு அனுப்பி லாபம் பார்த்ததை, அதே நூற்றாண்டில் வாழ்ந்த லியுத்பிராண்ட் என்ற ஆயர் எழுதி வைத்திருக்கிறார்.

வேலை விஷயமாகப் போலந்தின் போஸ்னான் நகரத்துக்குப் போனபோது ஓர் அரை நாள் கிடைத்தது. ரயில் ஏறி பக்கத்தில் இருக்கும் க்னியெஸ்னோவுக்குப் போனேன். அங்கே பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டு வெண்கலக் கதவுகள் இரண்டு இருக்கின்றன. பதினெட்டுச் சதுரங்களில் புனித அதால்பெர்ட்டின் வாழ்க்கை. பிராகு நகரத்து ஆயராக இருந்து 997இல் கொல்லப்பட்டவர். ஒரு சதுரத்தில் அவர் படுத்துத் தூங்குகிறார், கிறிஸ்து கனவில் வருகிறார். 'நான் மறுபடியும் விற்கப்படுகிறேன்' என்று கிறிஸ்து சொன்னதாக வரலாறு. அடுத்த சதுரத்தில் அதால்பெர்ட் விழித்துவிட்டார். கோமகனுக்கு முன்னால் நின்று, விற்கப்பட்டவர்களை விடுவிக்கச் சொல்லி மன்றாடுகிறார். வியாபாரிகளும் பக்கத்தில் நிற்கிறார்கள். உருவங்கள் சின்னவை, ஒரு சாண்கூட இருக்குமா தெரியாது. அந்த இரண்டு சதுரங்களுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். ஐரோப்பாவில் அரண்மனை வாசலிலும் கோயில் வாசலிலும் எத்தனையோ வெற்றிச் சிற்பங்கள் பார்த்தாயிற்று. விற்கப்பட்ட மனிதனைக் கதவில் வைத்து வார்த்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அரபியில் இவர்களை 'சகாலிபா' என்றார்கள். அதுவும் ஸ்லாவியர் என்ற பெயரின் திரிபுதான். இஸ்லாமிய ஸ்பெயினின் தலைநகரான கொர்தோபாவின் அரண்மனையில் காவலராகவும் அதிகாரிகளாகவும் உயர்ந்த சகாலிபாக்கள் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் அந்த அரசு உடைந்து சிதறியபோது, அவர்களில் ஒருவராகிய முஜாஹித், தெனியா என்ற துறைமுகத்தைப் பிடித்து தனி அரசராகவே ஆண்டார். அதற்குள் அந்தச் சொல் ஸ்லாவியரைத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த எந்த அடிமையும் அங்கே சகாலிபாதான்.

வெனிஸிலும் அப்படியே. 840லேயே பேரரசர் லோத்தாரோடு செய்த உடன்படிக்கையில், பேரரசின் கிறிஸ்தவக் குடிகளை வாங்கி விற்க மாட்டோம் என்று வெனிஸ் வாக்குக் கொடுத்திருக்கிறது. விற்றுக்கொண்டிருந்ததால்தானே அந்த வாக்கு தேவைப்பட்டது. பிற்காலத்தில் கருங்கடல் பக்கம் காஃபா, தானா ஆகிய துறைமுகங்களிலிருந்து ஜெனோவாக்காரரும் வெனிஸ்காரரும் ஏற்றி வந்தவர்களில் தாத்தார், சிர்க்காசியர், ரஷ்யர் எல்லாரும் இருந்தார்கள். வெனிஸ் நோட்டரி எழுதிய விற்பனைப் பத்திரத்தில் தாத்தார்ப் பெண்ணும் 'ஸ்க்லாவா'தான். இனப்பெயர் கழன்று விழுந்து, நிலைமையின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் ஸ்லாவியருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் 'வேயல்ஹ்' என்றால் அயலான், வேல்ஸ்காரன். கொஞ்ச காலத்தில் அதற்கு அடிமை என்ற பொருளும் வந்துவிட்டது. பின்லாந்தில் அடிமைக்கு 'ஓர்யா' என்று பெயர். அது 'ஆரிய' என்ற சொல்லிலிருந்து போனது என்பது பல மொழியியலாளர் கருத்து. வட இந்தியாவில் எஜமானத்தனத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட சொல் பின்லாந்தில் அடிமை! ரிக்வேதத்தில் எதிரி மக்கள் கூட்டத்துக்குப் பெயராக வரும் 'தாச' பின்னால் அடிமை ஆனது, அதற்கும் பின்னால் அடியவன் ஆனது. பாரதிதாசன், கண்ணதாசன் என்று நாம் வாய் நிறையச் சொல்கிற பெயர்களின் வால் அதுதான்.

1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸ் ஊரில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த 235 பேரைக் கரையில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்தபோது எழுந்த கூக்குரலை அரசவை வரலாற்றாசிரியர் சூராரா எழுதியிருக்கிறார். அந்த மக்களுக்கும் ஸ்லாவியருக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆனால் 'எஸ்க்ராவோ' என்ற பெயர் அவர்களுக்காகத் தயாராக இருந்தது. ஒன்பது வருடத்தில் கான்ஸ்டாண்டினோப்பிள் ஒட்டோமான்களிடம் விழுந்தது, கருங்கடல் வழி மெல்ல மெல்ல மூடியது, அட்லாண்டிக் வழி திறந்தது. அடுத்த நானூறு வருடத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். எல்லாரும் அந்தப் பெயரில்தான்.

வெனிஸில் 'உங்கள் அடிமை' என்று தலைகுனிந்து வணங்கியவர்கள் யார் என்று யோசித்தால் எனக்குக் கோபம் வருகிறது. கனவான்கள் கனவான்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. பட்டுச்சட்டையும் பொடிபூசிய தலைமுடியுமாக நின்றுகொண்டு 'நான் உங்கள் அடிமை' என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. உண்மையில் அடிமையாக இருந்தவள் அதை வாயால் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவளுக்குத்தான் நோட்டரி எழுதிய பத்திரம் இருந்ததே.

அந்த வணக்கம் பிறகு ஊர் சுற்றியது. இத்தாலியக் குடியேறிகளோடு அர்ஜென்டினா போய் 'ச்சௌ' ஆனது. பிரேசிலிலும் விடைபெறும்போது அதுதான். ஜெர்மன்காரர்கள் சொல்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறார்கள். (வியட்நாமில் வணக்கம் சொல்லும் 'ச்சாவ்' வேறு, அதற்கும் இதற்கும் உறவில்லை.) அப்புறம் அது ஸ்லாவியர்களிடம் வந்து சேர்ந்தது. செக் நாட்டில் 'ச்சௌ', ஸ்லோவாக்கியாவில் 'ச்சௌ', செர்பியாவிலும் பல்கேரியாவிலும் 'ச்சாவோ'. ஸ்லோவேனியாவில், நாட்டின் பெயரிலேயே அந்த 'ஸ்லோவேனே' அப்படியே இருக்கும் ஸ்லோவேனியாவில், பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கத்துகிறார்கள்: 'ச்சாவ்!'

வெனிஸிலிருந்து திரும்பி வந்து இதைத் தோழியிடம் சொன்னேன். காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். "அடிமை என்று பொருள் எனத் தெரியும். நாங்கள் என்று தெரியாது" என்றாள். பிறகு, "என் பாட்டி இதைச் சொல்ல மாட்டாள். 'ஸ்போகோம்', கடவுளோடு போய் வா, என்றுதான் சொல்வாள். நாங்கள்தான் இத்தாலி டிவி பார்த்துப் பார்த்து இப்படி ஆனோம்" என்றாள்.

அடிமைக்கு ஸ்லாவியர்களின் பழைய சொந்தச் சொல் என்ன என்று கேட்டேன். 'ரப்'. அதிலிருந்து வந்ததுதான் 'ரபோத்தா', ரஷ்ய மொழியில் வேலை. செக்கில் 'ரோபோத்தா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் சம்பளமில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியில் 1848 வரை அது சட்டம். 1920இல் செக் எழுத்தாளர் கரெல் சாபெக் செயற்கைத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த அண்ணன் யோசெஃபிடம் கேட்டார். அண்ணன் வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டே சொன்ன பெயர்தான் 'ரோபோ'. ஸ்லாவியரின் பெயரை எடுத்து உலகம் அடிமைக்கு வைத்தது. ஸ்லாவியர் தங்கள் அடிமைச் சொல்லை எடுத்து உலகத்தின் இயந்திரத்துக்கு வைத்தார்கள்.

இனி அப்பாவிடம் வருகிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி. தினமும் காலை ஏழு மணிக்கு அப்பா போய் நான்கு செம்மல் வாங்கி வருவார். மேலே நட்சத்திரம் போலக் கீறல் விழுந்த சின்ன ரொட்டி, கையில் எடுத்தால் மேல்தோல் நொறுங்கும். கடைக்காரம்மாவுக்கு அப்பாவைப் பிடித்துப்போயிற்று. முதல் வாரம் 'க்ரூஸ் காட்' என்று மரியாதையாகச் சொன்னவர், பழகியதும் 'செர்வுஸ்!' என்று தொடங்கிவிட்டார். அப்பாவும் கணீரென்று 'செர்வுஸ்!' என்பார். அவர் கற்றுக்கொண்ட முதல் ஆஸ்திரியச் சொல் அதுதான். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொல்லிப் பார்ப்பார்.

வெனிஸ் போய் வந்த அடுத்த வாரம் கேட்டார், "இந்த செர்வுஸுக்கு என்ன மக்கா அர்த்தம்?"

பொய் சொல்ல வரவில்லை. 'செர்வுஸ்' லத்தீன். ஸ்லாவியர் பெயர் அடிமைக்கு ஒட்டுவதற்கு முன்னால் ரோமாபுரியில் அடிமைக்கு இருந்த அசல் பெயர். 'உங்கள் ஊழியன்' என்ற வணக்கமாக ஆஸ்திரியா, ஹங்கேரி, ட்ரான்சில்வேனியா, போலந்தின் தென்பகுதி என்று பழைய ஹாப்ஸ்பர்க் பேரரசு முழுக்கவும், பக்கத்து பவேரியாவிலும் பரவிக் கிடக்கிறது. ஹங்கேரியர்கள் அதைப் பலபேரிடம் சொல்லும்போது பன்மை விகுதியே போட்டு 'செர்வுஸ்தோக்' என்பார்கள். சுவீடனில் லத்தீன் இல்லை, ஆனால் அங்கேயும் இளைஞர்கள் சொல்லும் 'ஷேனா' என்ற ஹலோ, 'ஊழியன்' என்ற சுவீடியச் சொல்லின் தேய்ந்த துண்டு. நம் ஊர் ஓட்டலில் சாம்பார் ஊற்றும் சர்வரும் பைக்கை விடுகிற சர்வீஸும் அந்த 'செர்வுஸ்' வழி வந்தவைதான்.

அப்பா கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரம்மா வழக்கம்போல 'செர்வுஸ்!' என்றார். அப்பா புன்னகைத்து, மெதுவாக, எழுத்தெழுத்தாக, 'குட்டன் மோர்கன்' என்றார்.

திரும்பி வரும்போது சொன்னார்.

"எங்க தாத்தா இருந்தாருல்லா, அவரு பெரிய வீட்டு முற்றத்துல நின்னா 'நான்'னு சொல்ல மாட்டாரு. 'அடியன்'னுதான் சொல்லுவாரு. நான் ஆறேழு வயசுப் பையன், கூட நின்னு கேட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தா மீசையை முறுக்குவாரு. அங்க போனா அடியன். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டா இப்பமும் ஒரு மாதிரி வரும் மக்கா."

கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதியார் மேல்சாதியார் முன்னால் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தான் தின்னும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த மிஷனரிகள் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 1855இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. நாக்கிலிருந்து ஒழிய இன்னும் நூறு வருடம் பிடித்தது, அப்பாவின் தாத்தா சாட்சி.

அதே 'அடியேன்' என்ற சொல்லை வைணவப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் வணங்கும்போது எவ்வளவு இனிமையாகச் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கல்லூரியில் என் அறைத்தோழி வீட்டில் போனை எடுத்ததும் 'ஹலோ' வராது, 'அடியேன்' என்றுதான் வரும். கேட்கவே அழகாக இருக்கும். தானாக விரும்பி இறைவனுக்கும் அடியாருக்கும் சொல்வது அது. சொல்லாவிட்டால் அடி விழும் என்று சொல்வது வேறு. எழுத்து ஒன்றுதான். வெனிஸ் கனவானின் வாயில் இருந்த சொல்லும் காஃபாவில் கப்பலேறியவளின் பத்திரத்தில் இருந்த சொல்லும் ஒன்றாக இருந்த மாதிரி.

அப்போதுதான் சின்ன வயதில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பாவின் மேசையில் மாணவர்களின் விடுப்பு விண்ணப்பங்கள் கட்டாகக் கிடக்கும். 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எல்லாவற்றிலும் ஒரே வரி. 'உங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று கடிதத்தை முடிக்கும் ஆங்கில வழக்கம் நம் பள்ளிக்கூடத்தில் வந்து விட்டுப்போன வரி அது. அப்பா சிவப்பு மையால் 'கீழ்ப்படிதலுள்ள' என்பதை மட்டும் அடித்துவிட்டு மேலே 'அன்புள்ள' என்று எழுதுவார். எழுத்துப் பிழையைத் திருத்துகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. நான் போகும்போதெல்லாம் பேக்கரிக்காரம்மா அவரை விசாரிக்கிறார். போன சனிக்கிழமை நான்கு செம்மலைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "அப்பாவிடம் பேசும்போது நான் செர்வுஸ் சொன்னேன் என்று சொல்" என்றார். அவர் முகத்தில் இருந்த பிரியத்தில் துளியும் கலப்படமில்லை.

அன்று மாலை போனில் அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் கடைக்காரம்மா உங்களை ரொம்ப விசாரிச்சாங்கப்பா."

"அப்பிடியா?" என்றார், சந்தோஷமாக. "நானும் விசாரிச்சேன்னு சொல்லு மக்கா."